புதைத்த காரைத் தோண்டி எடுத்தவர்: "பாப்ஸ்" காரின் கதை

செத்துப்போன மனிதரைப் புதைப்பார்கள். சில வீடுகளில் பாசமாக வளர்த்த நாயைக்கூடப் புதைப்பார்கள். ஒரு காரைக் குழி தோண்டிப் புதைத்தார்கள் என்றால் நம்ப முடிகிறதா? பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், பென்டைன் என்கிற கடற்கரைக் கிராமத்தில், 1927ஆம் ஆண்டு அது நடந்தது. அந்தக் காரின் பெயர் பாப்ஸ். புதைப்பதற்குப் பத்து மாதம் முன்புதான் அது உலகத்திலேயே வேகமான கார் என்ற பட்டத்தை வாங்கியிருந்தது.

42 வருடம் அது மணலுக்குள் கிடந்தது. 1969ல் ஒரு கல்லூரி ஆசிரியர் அதைத் தோண்டி எடுத்தார். தன் வீட்டு ஷெட்டுக்குக் கொண்டுபோய், ஏறக்குறைய 15 வருடம் பாடுபட்டு மறுபடியும் ஓட வைத்தார். பழைய காரைச் சரிசெய்வது பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். இந்தக் கதையில் அது வேறு மாதிரி. ஒரு மரணத்தைப் பற்றி ஊர் உலகம் நம்பிக்கொண்டிருந்த கதையையே அந்த ஷெட் வேலை கேள்விக்குள்ளாக்கியது.

முதலில் அந்தக் கார் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

கவுண்ட் லூயி ஸ்போரோவ்ஸ்கி என்று ஒருவர். இங்கிலாந்தில் கென்ட் பகுதியில் ஹைஹாம் பார்க் என்ற மாளிகையில் வாழ்ந்த இளம் கோடீஸ்வரர். முதல் உலகப் போர் முடிந்ததும் விமான என்ஜின்கள் மலிவு விலைக்குக் கிடைத்தன. அவற்றை வாங்கி கார்களில் பொருத்துவதுதான் இவருடைய விளையாட்டு. 23 லிட்டர் மேபாக் விமான என்ஜின் வைத்து இவர் செய்த காரின் பெயர் "சிட்டி பேங் பேங்". ஜேம்ஸ் பாண்டை உருவாக்கிய இயான் ஃபிளெமிங் 1964ல் எழுதிய சிறுவர் கதைக்கும், 1968ல் வந்த திரைப்படத்துக்கும் பெயர் வந்தது இந்தக் காரிலிருந்துதான்.

அதே கையோடு அவர் செய்த இன்னொரு கார்தான் "ஹைஹாம் ஸ்பெஷல்". இதில் அமெரிக்காவின் லிபர்ட்டி விமான என்ஜின். 12 சிலிண்டர், 27 லிட்டர். நம்ம மாருதி 800 காரின் என்ஜின் 796 சி.சி. அப்படியென்றால் ஒரே பானட்டுக்குள் 34 மாருதி என்ஜின்கள் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்! கியர்பாக்ஸ் போருக்கு முந்தைய ஜெர்மன் பென்ஸ் பந்தயக் காரிலிருந்து வந்தது. பின்சக்கரங்களைச் சுற்றியது சைக்கிளில் இருப்பதைப் போன்ற செயின், சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு. சைக்கிள் செயினைவிடப் பல மடங்கு பெரியது, அவ்வளவுதான். இந்த செயினை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஸ்போரோவ்ஸ்கி 1924 அக்டோபரில் இத்தாலியின் மோன்ஸா பந்தயத்தில் மெர்சிடிஸ் ஓட்டும்போது விபத்தில் இறந்தார். அவருடைய அப்பாவும் 1903ல் கார்ப் பந்தயத்தில்தான் இறந்தார். கேட்பாரில்லாமல் நின்ற ஹைஹாம் ஸ்பெஷலை 125 பவுண்டு கொடுத்து வாங்கினார் பாரி-தாமஸ்.

ஜான் காட்ஃப்ரே பாரி-தாமஸ் வேல்ஸைச் சேர்ந்தவர், 1884ல் பிறந்தார். பிறவி என்ஜினீயர் என்றே சொல்லலாம். லேலண்ட் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளராக இருந்தார். ஆமாம், எண்ணூரில் லாரி செய்கிற நம்ம அசோக் லேலண்டின் பெயரில் பாதி அந்த நிறுவனத்திலிருந்து வந்ததுதான். அங்கே அவர் வடிவமைத்த "லேலண்ட் எயிட்" கார் 1920ல் லண்டன் கண்காட்சியில் எல்லோரையும் மிரள வைத்தது. ஆனால் விலை அதிகம், விற்றது இருபதுகூட இல்லை. பிறகு வேலையை விட்டுவிட்டு, புரூக்லண்ட்ஸ் பந்தயத் தளத்துக்குள்ளேயே ஒரு சின்ன வீட்டில் குடியேறினார். கார் செய்வது, ஓட்டுவது, மறுபடி பிரிப்பது, இதுதான் வாழ்க்கை.

உலக வேக சாதனைக்காகப் போட்டி போட்ட மற்றவர்களுக்குப் பெரிய நிறுவனங்களின் ஆதரவோ சொந்தப் பணமோ இருந்தது. தாமஸிடம் இருந்தது 125 பவுண்டு கார். அதில் நான்கு ஜெனித் கார்புரேட்டர்கள் வைத்தார், தானே வடிவமைத்த பிஸ்டன்களைப் போட்டார், பாடியைத் திருத்தினார், "பாப்ஸ்" என்று பெயர் வைத்தார். 1926 ஏப்ரலில் பென்டைன் கடற்கரைக்குக் கொண்டுபோனார். கிட்டத்தட்ட 11 கிலோமீட்டர் நீளத்துக்குத் தட்டையாகக் கிடக்கும் கெட்டியான மணல் அது. அன்றைய பிரிட்டனில் அவ்வளவு நீளமான நேர்கோடு வேறு எங்கே கிடைக்கும்? ஏப்ரல் 27 அன்று மணிக்கு 272 கி.மீ. மறுநாள் 275 கி.மீ. அதற்கு முந்தைய சாதனை 245 கி.மீ.தான். ஓட்டைக் காரை வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் 30 கிலோமீட்டர் ஏற்றிவிட்டார் மனிதர்.

1927 பிப்ரவரி 4ல் மால்கம் கேம்ப்பெல் தன் புளூபேர்ட் காரில், அதே பென்டைன் மணலில், 281 கி.மீ. தொட்டார். விட்டதைப் பிடிக்க தாமஸ் மார்ச் மாதம் மறுபடி வந்தார். அப்போது அவருக்குக் காய்ச்சல். மார்ச் 3 அன்று முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்த பாப்ஸ் நிலை தடுமாறிப் புரண்டது. தலையில் பட்ட அடியில் தாமஸ் அங்கேயே இறந்தார். வயது 42.

செயின் அறுந்து விழுந்து அவர் கழுத்தை வெட்டியது என்று கதை பரவியது. படிக்கிறவர்களை அப்படியே உறைய வைக்கிற கதை அல்லவா, பல பத்து வருடங்களுக்குப் புத்தகங்களும் பத்திரிகைகளும் அதையே திருப்பித் திருப்பி எழுதின. தாமஸை புரூக்லண்ட்ஸுக்குப் பக்கத்தில் பைஃப்ளீட் என்ற ஊரின் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். விசாரணை முடிந்ததும் காரை பென்டைன் மணல்மேட்டிலேயே புதைத்துவிட்டார்கள். நினைவுப்பொருள் என்று யாரும் தோண்டி எடுத்துப்போகக் கூடாது என்பதற்காக சீட்டைக் கிழித்து, மீட்டர்களை உடைத்துவிட்டுத்தான் புதைத்தார்கள் என்றும் சொல்வார்கள்.

அடுத்த 26ஆவது நாளில் அமெரிக்காவின் டேடோனா கடற்கரையில் ஹென்றி சீக்ரேவ் மணிக்கு 327 கி.மீ. போய்விட்டார். உலகம் பாப்ஸை மறந்தது. போர் வந்தது, போனது. அந்த மணல்மேடு ராணுவத்தின் கைக்குப் போய் ஆயுதச் சோதனைத் தளத்தின் பகுதியானது.

இனி ஓவன் வின் ஓவன். வேல்ஸின் வடக்கே பாங்கர் தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் ஆசிரியர். வீடு கேப்பல் கியூரிக் என்ற மலைக்கிராமத்தில். பழைய வண்டிகளைப் பிரித்துப் பூட்டுவதில் பைத்தியம். பாப்ஸை எடுக்கப்போகிறேன் என்று அவர் கிளம்பியபோது எதிர்ப்பு வந்தது. ஊர்க்காரர்கள் சிலருக்கு அந்த இடம் ஒரு கல்லறை மாதிரி. ஒரு மனிதனின் உயிரைக் குடித்த வண்டி, அதை மண்ணிலேயே விட்டுவிடக் கூடாதா என்று கேட்டார்கள். இது அர்த்தமில்லாத கேள்வி என்று தள்ளிவிட முடியாது. காரணத்தோடுதான் புதைத்தார்கள், தொலைந்துபோன பொருள் இல்லை. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. தாமஸ் என்கிற பொறியாளர் தன் கையால் செய்த வேலை அந்தக் குழிக்குள் துருப்பிடித்துக்கொண்டிருந்தது. மேலே நிலைத்தது வேலை இல்லை, கழுத்தறுந்த கதை மட்டும்தான். எது அவருக்கு மரியாதை?

ஒருவழியாக அனுமதி கிடைத்து 1969ல் தோண்டினார்கள். கடலோர மணலும் உப்பும் 42 வருடம் வேலை செய்திருந்தன. பாடியின் அலுமினியத் தகடுகள் அரித்துப்போயிருந்தன. சேஸிஸும் என்ஜினும் துருவேறி நின்றாலும் உருவம் குலையாமல் இருந்தன.

ஏன் பாடி போய் சேஸிஸ் நின்றது? பள்ளிக்கூட வேதியியல்தான். உப்புத் தண்ணீரில் அலுமினியமும் இரும்பும் ஒட்டிக்கொண்டு கிடந்தால் அது ஒரு பேட்டரி மாதிரி ஆகிவிடும். அதில் கரைவது அலுமினியம், தப்பிப்பது இரும்பு. அது தவிர, பாடித் தகடு மெல்லியது, சேஸிஸ் இரும்பு தடிமனானது. துரு மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றாலும் நடுவில் நல்ல இரும்பு மிச்சம் இருக்கும்.

இப்படிப்பட்ட ஒரு வண்டியை வீட்டில் வைத்துச் சரிசெய்வது என்றால் என்ன வேலை என்று யோசித்துப் பாருங்கள். நம்ம ஊரில் பழைய புல்லட்டைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குக்கூடத் தெரியும், முதல் எதிரி துருப்பிடித்த நட்டு போல்ட். அவசரப்பட்டு ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் தலை முறிந்து கையோடு வந்துவிடும். எண்ணெய் விட்டு நாள்கணக்கில் ஊறவைக்க வேண்டும், நெருப்பில் காய்ச்ச வேண்டும், ஆறவிட்டு லேசாகத் தட்ட வேண்டும், மறுபடி எண்ணெய். ஒரு போல்ட்டுக்கு ஒரு வாரம் ஆனாலும் ஆச்சரியமில்லை. சாதாரணக் கார் என்றால் முறிந்தால் முறியட்டும், கடையில் வாங்கிக்கொள்ளலாம். உலகத்திலேயே ஒரே ஒரு கார் என்கிறபோது ஒவ்வொரு போல்ட்டும் சாட்சிப் பொருள்.

சேஸிஸில் முதலில் பார்க்க வேண்டியது அது கோணிக்கொண்டிருக்கிறதா என்பது. இதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்கே அளக்க வேண்டும், அடுத்த இரண்டு மூலைகளுக்கும் அப்படியே. இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் சட்டம் நேர். இல்லையென்றால், 200 கிலோமீட்டருக்கு மேல் போகும்போது புரண்ட வண்டி எந்தப் பக்கம் அடி வாங்கியது என்று அந்த வித்தியாசமே சொல்லிவிடும். துருவைச் சுரண்டிய பிறகு இரும்பு எவ்வளவு தடிமன் மிச்சம் என்று பார்த்து, தேவையான இடத்தில் மட்டும் புது இரும்பு வைத்துச் சேர்க்க வேண்டும்.

பாடி வேலை வேறு வகை. நம்ம ஊர் டிங்கர் பட்டறையில் நசுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்தி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடிப்பார்கள். பாப்ஸில் தட்டி நிமிர்த்தத் தகடே இல்லை. மிச்சமிருந்த துண்டுகள், 1926, 1927ல் எடுத்த புகைப்படங்கள், இவற்றை வைத்து அளவு பிடித்துப் புதுத் தகட்டை வளைத்துத்தான் செய்ய முடியும். புகைப்படத்திலிருந்து அளவு எடுப்பதற்கும் ஒரு வழி உண்டு. மீண்டுவந்த சேஸிஸில் சக்கரத்துக்குச் சக்கரம் எவ்வளவு தூரம் என்பது தெரியும். அதை அளவுகோலாக வைத்துப் படத்தில் மூக்கு எவ்வளவு நீளம், வால் எவ்வளவு உயரம் என்று கணக்குப் போடலாம். அதாவது முதலில் சேஸிஸ் சரியாக வேண்டும், அதற்குப் பிறகுதான் பாடி.

என்ஜின்தான் பெரிய மலை. லிபர்ட்டி என்ஜின் 1917ல் அமெரிக்கா போரில் இறங்கியபோது அவசர அவசரமாக, வாஷிங்டனில் ஒரு ஹோட்டல் அறையில் உட்கார்ந்து சில நாட்களிலேயே வரைந்து முடிக்கப்பட்டது. மொத்தமாக ஆயிரக்கணக்கில் செய்ய வேண்டும் என்பதற்காக எளிமையாக வடிவமைத்தார்கள். இன்றைய கார்களைப் போல எல்லா சிலிண்டரும் ஒரே வார்ப்பில் இருக்காது. 12 சிலிண்டரும் தனித்தனி இரும்புக் குழாய்கள், ஒவ்வொன்றையும் சுற்றித் தண்ணீர் ஓட மெல்லிய இரும்பு உறை, எல்லாம் வரிசையாக ஒரு அலுமினியக் கிராங்க் கேஸ் மேல் நிற்கும். போர் அவசரத்தில் செய்த இந்த ஏற்பாடு, மணலிலிருந்து எடுத்த என்ஜினைப் பிரிக்கிறவருக்கு ஒரு வரம். ஒரு சிலிண்டர் கெட்டால் அதை மட்டும் கழற்றிப் பார்க்கலாம். ஆனால் அதே ஏற்பாட்டில் ஒரு சாபமும் உண்டு. அந்த மெல்லிய தண்ணீர் உறை உப்புக்கு முன்னால் தாக்குப்பிடிக்காது, அலுமினியக் கிராங்க் கேஸின் கதை மேலே சொன்னதுதான். சிலிண்டருக்குள் இறுகிப்போன பிஸ்டனை உடைக்காமல் எடுக்க வேண்டும், கிராங்கில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், வெள்ளை உலோகத்தை உருக்கி ஊற்றிப் புது பேரிங் செய்து கையால் சுரண்டிப் பொருத்த வேண்டும். அந்தக் காலத்து என்ஜினில் பேரிங்கைப் பெட்டியில் போட்டுக் கடையில் விற்க மாட்டார்கள்.

கல்லூரி வேலை பார்த்துக்கொண்டே ஏறக்குறைய 15 வருடம் ஓவன் இதில் இருந்தார். அந்தக் கணக்கு இப்போது புரியும். பாப்ஸ் உயிரோடு ஓடிய காலத்தைவிட, அது பிரிந்து கிடந்து பூட்டப்பட்ட காலம் அதிகம்.

சரி, அந்த செயின்?

கார் மண்ணுக்குள் இருந்தவரைக்கும் செயின் கதையை யாரும் சரிபார்க்க முடியவில்லை. அது வெளியே வந்து ஆராயப்பட்ட பிறகுதான் சந்தேகம் வலுத்தது. வலது பின்சக்கரம் முதலில் உடைந்து, அதனால் வண்டி சரிந்து புரண்டிருக்க வேண்டும், செயினுக்கு நேர்ந்தது அதற்குப் பிறகு என்பதுதான் இன்று பலர் ஏற்கிற விளக்கம். தாமஸின் உயிரைப் பறித்தது கார் புரண்டபோது தலையில் பட்ட அடி. கழுத்தை வெட்டிய செயின் என்பது பத்திரிகைகளுக்குப் பிடித்த கதை, அவ்வளவுதான்.

இந்த வித்தியாசம் சின்னது போலத் தோன்றும். இறந்தவர் இறந்தவர்தானே? ஆனால் ஒரு பொறியாளருக்கு இது பெரிய விஷயம். தலைக்குப் பக்கத்தில் செயினைச் சுழலவிட்டு உட்கார்ந்த பைத்தியக்காரன் என்ற பெயர் 40 வருடத்துக்கு மேல் தாமஸ் மேல் ஒட்டியிருந்தது. இத்தனைக்கும் 26 நாள் கழித்து 327 கி.மீ. போன சீக்ரேவின் சன்பீம் காரிலும் செயின்தான் இருந்தது, கனமான உறை போட்டு மூடியிருந்தார்கள். அவரை யாரும் பைத்தியக்காரர் என்று சொல்லவில்லையே! தாமஸிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்ற ரீட் ரெயில்டன்தான் பின்னாளில் கேம்ப்பெல்லுக்கும் ஜான் காப்பிற்கும் உலக சாதனைக் கார்களை வடிவமைத்தார். மட்டமான வாத்தியாரிடம் அப்படி ஒரு மாணவர் வந்திருப்பாரா?

இன்னொரு கேள்வியும் உண்டு. பாடி புதிது, பல பாகங்கள் புதிது. அப்படியென்றால் இது பழைய பாப்ஸ்தானா? தாமஸ் வாங்கியபோதே அது அமெரிக்க என்ஜின், ஜெர்மன் கியர்பாக்ஸ், இங்கிலாந்து சேஸிஸ் எல்லாம் சேர்ந்த கலவை. அதில் தன் பிஸ்டனைப் போட்டு, பாடியை மாற்றி, பெயரையும் மாற்றியவர் தாமஸ். மாற்றி மாற்றிச் செய்வதுதான் அந்தக் காரின் இயல்பே. எந்தத் தேதியின் பாப்ஸை "அசல்" என்பது? சேஸிஸும் என்ஜினும் 1927ல் மண்ணுக்குள் போனவை என்றால், அதற்கு பாப்ஸ் என்ற பெயர் பொருந்தும் என்று சொல்வதில் தவறில்லை.

இந்தக் கேள்வி வெறும் தத்துவமாக நின்றுவிடாது, நீதிமன்ற வாசல்வரை போகும் என்பதற்கு மால்கம் கேம்ப்பெல்லின் குடும்பத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. அவர் மகன் டொனால்ட் கேம்ப்பெல் 1967 ஜனவரி 4ல் கோனிஸ்டன் ஏரியில் புளூபேர்ட் கே7 படகில் வேக சாதனைக்கு முயன்று இறந்தார். 2001ல் அந்தப் படகை ஏரியின் அடியிலிருந்து எடுத்தார்கள். குடும்பம் 2006ல் அதை அங்குள்ள ரஸ்கின் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தது. எடுத்த குழுவே வருடக்கணக்கில் சரிசெய்து 2018ல் ஸ்காட்லாந்தில் ஒரு ஏரியில் ஓட்டியும் காட்டியது. அதற்குப் பிறகு தகராறு. பழைய பாகங்கள் அருங்காட்சியகத்துடையது, நாங்கள் புதிதாகச் செய்து சேர்த்த பாகங்கள் யாருடையது என்று கேட்டார்கள். பல வருட இழுபறிக்குப் பிறகு 2024ல்தான் அந்தப் படகு கோனிஸ்டனுக்குத் திரும்பியது. அப்பாவின் சாதனையை முறியடிக்கப் போய்ப் புதைந்தது ஒரு கார், மகனின் சாதனை முயற்சியில் மூழ்கியது ஒரு படகு. இரண்டையும் வெளியே கொண்டுவந்து வருடக்கணக்கில் பிரித்துப் பூட்டியது எந்தப் பெரிய தொழிற்சாலையும் இல்லை, ஆர்வலர்கள்தான்.

ஓவன் பாப்ஸை வீட்டிலேயே பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. 1996ல் பென்டைனில் வேக அருங்காட்சியகம் திறந்த பிறகு கோடைக் காலத்தில் அங்கே வைத்துக் காட்டினார்கள். 2023ல் அதே இடத்தில் புதிய கட்டடத்தில் தரைவேக அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. தாமஸ் சாதனை செய்த மணல் அதன் வாசலிலேயே ஆரம்பிக்கிறது. சில குளிர்காலங்களை பாப்ஸ் புரூக்லண்ட்ஸ் அருங்காட்சியகத்தில் கழித்திருக்கிறது. பைஃப்ளீட் தேவாலயம் அங்கிருந்து பக்கம்தான்.